கைத்தீனி

கையைத் தண்ணீருக்குள் வைத்து எவ்வளவு நேரம் ஆயிருக்கும் தெரியவில்லை, விரல் நுனியெல்லாம் சுருங்கத் தொடங்கிவிட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டதால் குளத்தில் சத்தமே இல்லை. பத்து மீன் வந்து தின்றுவிட்டுப் போயாச்சு, நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி இருக்கிற பொட்டுக்காரி மட்டும் வரவில்லை. அல்லி இலைக்கு அடியில்தான் நிற்கிறாள், வெள்ளை வால் கொஞ்சம் வெளியே தெரிகிறது, அசைகிறது, ஆனால் நகரவில்லை. நேராகப் பார்க்கக் கூடாது. நேராகப் பார்த்தால் அவ்வளவுதான், அடியில் போய் ஒட்டிக்கொள்வாள், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தலை காட்ட மாட்டாள். சும்மா அந்தப் பக்கம் செம்பருத்தியைப் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டே அவளைப் பார்க்க வேண்டும். எனக்குப் பின்னால் மூன்றாவது படியில் கனி உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் நேராகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எழுந்து எங்கள் அறைக்குள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, நடுவில் நான் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு. என் மகள்தான். கனிஷ்கா என்று பேர் வைத்தது அவங்க அப்பா, ரெண்டரை வயசு தாண்டிவிட்டது, என் மூக்கு, என் காது, ஓரமாகக் கோணிய என் சுண்டுவிரல்கூட அப்படியே. என்னைத்தான் தெரியாது. இன்றைக்குப் பதினைந்தாம் நாள். எட்டு மணிக்கு மேல் அண்ணி வருவாங்க. இப்போது ஏழே முக்கால் இருக்குமா, மாடியில், நாங்கள் வேலை செய்கிற மேடம் வீட்டு ரேடியோ இன்னும் பாடவில்லை, அப்படியென்றால் எட்டு ஆகவில்லை.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரோட அக்கா. ருக்மணி அண்ணி. பவானியில் இருக்காங்க, குழந்தை இல்லை, கனியை ஒன்பது மாசத்திலிருந்து அவங்கதான் வளர்த்தாங்க. கனி அவங்களைத்தான் அம்மா என்பாள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று அந்தப் பொருளைப் பார்ப்பாள், தண்ணிக் குடத்தைப் பார்ப்பாள், அல்லது ஜன்னலில் இருக்கிற சீப்பைப் பார்ப்பாள், நான் எடுத்துக் கொடுப்பேன், வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது. கூட்டிக்கொண்டு வந்து விட்ட அன்றைக்கே அண்ணி சொல்லிவிட்டுத்தான் போனாங்க. "பதினஞ்சு நாள் பாரு புள்ள. ஒட்டுச்சுன்னா எனக்கும் சந்தோசந்தான். ஒட்டலீன்னா கொழந்தைய இம்சை பண்ண வேண்டாம், நானே வந்து கூட்டிட்டுப் போயிர்றேன். பள்ளிக்கூடம் சேக்கறப்பப் பாத்துக்கலாம்." சத்தமில்லாமல்தான் சொன்னாங்க, ஆனால் சொல்லும்போது கனியின் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டே இருந்தாங்க. நான் சரிங்க அண்ணி என்றேன். வேறென்ன சொல்வேன். எனக்கு எப்போதும் அந்த ஒரு சொல்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் அவங்க பஸ் ஏறின பிறகு வரும். பள்ளிக்கூடம் சேர்க்கிறது என்றால் இன்னும் ஒரு வருசம், அதற்குள் இவள் முழுசாக அவங்க பிள்ளையாகிவிடுவாள், அப்புறம் நான் யார், ஊருக்குப் போனால் பலகாரம் வாங்கிக்கொண்டு வருகிற ஆள்.

வால் நகர்கிறதா. இல்லை, காற்றில் இலைதான் நகர்ந்தது. கையை ஆட்டாமல் வைக்க வேண்டும், உள்ளங்கையில் ஆறு உருண்டை இருக்கிறது, ஊறிப் பெரிதாகி உளுந்து அளவு வந்துவிட்டது. இன்றைக்கு என் கை வெறும் கையாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டை இல்லை. மஞ்சள் காட்டில் களை எடுக்கப் போகும்போது சேலைக்கு மேலே அவரோட பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன், எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான் போவோம், இங்கே தோட்ட வேலைக்கு வந்த பிறகும் அதே காப்பிக் கலர்க் கோடு போட்ட சட்டைதான். மீன்களுக்குத் தீனி போட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தச் சட்டையோடுதான் உட்கார்ந்தேன். முதல் மாசம் ஒன்றும் பக்கத்தில் வரவில்லை. மேடம் சொன்னாங்க, "பேசாம ஒரே இடத்துல, ஒரே நேரத்துல உட்காரு பரிமளா, அதுங்களே வரும்." பேசாமல் உட்காருவதற்கு எனக்குச் சொல்லித் தரவா வேண்டும். ரெண்டாம் மாசம் பெரிய மஞ்சள் வந்தது, அப்புறம் கறுப்பும் சிவப்பும் கலந்த ரெண்டு, அப்புறம் சந்தையில் வண்டியைச் சுற்றுகிற மாதிரி எல்லாம். என் கையை உறிஞ்சிவிட்டுப் போகும்போது மீசை உரசும், கூசும், தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். எனக்குப் பெருமைதான். என்னைத் தெரிந்த பத்து உயிர் இந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் சட்டை துவைக்கப் போட்டுவிட்டு வெறும் சேலையோடு வந்து உட்கார்ந்தேன், ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் அந்தப் பக்கம் சுவரில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. அப்போதுதான் தெரிந்தது, அதுங்களுக்குச் சட்டையைத்தான் தெரியும். அடுத்த நாள் சட்டையோடு வந்தேன், வந்தன. வெட்கமாக இருந்தது, யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லிக் கல்யாணத்தில் சாப்பிடுகிற மாதிரி. பிறகு மெதுவாக ஒரு நாள் கையை மடித்து, இன்னொரு நாள் இன்னும் கொஞ்சம் மடித்து, இப்போது பத்தும் வெறும் கைக்கும் வருகின்றன. பொட்டுக்காரிக்குச் சட்டைதான் வேண்டும். அந்தச் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. விடியற்காலை கனி படுக்கையை நனைத்துவிட்டாள், விரித்திருந்தது அதுதான்.

நைட்டி நனையவில்லை. நல்ல வேளை. அண்ணி கொடுத்துவிட்டுப் போன நைட்டி, ஊதாப் பூப் போட்டது, கனியின் துணிப்பையிலேயே மடித்து வைத்திருந்தாங்க. "ராத்திரி மட்டும் இதை மேல போட்டுக்க, மணத்துக்குத் தூங்கிருவா" என்றாங்க. பதினாலு நாளும் அதைத்தான் போட்டுக்கொண்டு படுக்கிறேன். அண்ணி மணம் என்றால் தேங்காய் எண்ணெயும் விபூதியும் கொஞ்சம் மிளகாய்த்தூளும். அந்தக் கழுத்துப் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டு கனி தூங்குவாள், நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, சூடாக, வாயைத் திறந்துகொண்டு. அந்த நேரம் எனக்குச் சொர்க்கம்தான், பொய் சொல்லவில்லை. காலையில் குளித்துச் சேலை கட்டிக்கொண்டு வந்தால், யாரிது என்கிற மாதிரி பார்ப்பாள். துவைக்கவே இல்லை, துவைத்தால் மணம் போய்விடும். ஆனால் மணம் எப்படியும் போகத்தான் போகிறது, நாளுக்கு நாள் குறைகிறது, ரெண்டு நாளாக முகர்ந்து பார்க்கிறேன், விபூதி இல்லை, இப்போது இருக்கிறது என் வேர்வையா அவங்க வேர்வையா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமலேயே கனி தூங்குகிறாள். அது நல்லதா. அல்லது அவள் தூங்குவது அந்தப் பூவுக்குத்தானா. நேற்று என் வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். லோகநாதன் என்று பேர், மேடத்துக்குக் கார் ஓட்டுகிறார், எதற்கும் சிரிப்பார். "உனக்கு மீனும் இவளும் ஒண்ணுதான் பரிமளா, மூணு பேரும் பேச மாட்டீங்க. உங்க மூணு பேரையும் ஒரே தொட்டியில வுட்டுட்டு நா வண்டி எடுத்துட்டுப் போயிர்றேன்" என்றார். சிரிப்பு வந்தது. அவர் சொல்வதெல்லாம் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். அன்றைக்குச் சொன்னதும் அப்படித்தான். நாலாம் நாள். வேண்டாம், நாலாம் நாளை இப்போது நினைக்க வேண்டாம், கை ஆடும்.

மூச்சை இழுத்து விட்டேன், தண்ணீரில் ஒரு வட்டம் போச்சு. இருமல் வருகிற மாதிரி இருக்கிறது, வராது, வந்தால் முகத்தைத் திருப்பி முந்தானையால் மூடிக்கொள்ள வேண்டும். இப்போது ஒன்றும் இல்லை, ஆறு மாச மாத்திரையும் ஒரு வேளை விடாமல் தின்று முடித்து, சளி எடுத்துப் பார்த்து, சுத்தமாகிவிட்டது, இனிமே சாதாரண ஆள்தாம்மா நீ என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருசம் ஆகப்போகிறது. இருந்தாலும் கை தானாக வாய்க்குப் போகிறது. பேசும்போது மூடிக்கொள்வேன், சிரிக்கும்போது மூடிக்கொள்வேன், யாரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட மாட்டேன். புது மீன் வாங்கினால் நேராகக் குளத்தில் விடக் கூடாது என்று மீன் கடைக்காரர் சொல்லியிருக்கார். பின்பக்கம் நீலத் தொட்டியில் தனியாக மூணு வாரம் வைக்க வேண்டும், உப்புப் போட வேண்டும், அதற்கு வலை தனி, வாளி தனி. பொட்டுக்காரியை அப்படித்தான் வைத்திருந்தோம், கடைசியாக வந்தவள் அவள்தான். அந்தத் தொட்டிக்கு மேலே குனிந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமியார் வீட்டு மாட்டுக் கொட்டகை ஞாபகம்தான் வரும், அதற்குப் பக்கத்து அறையில் என்னை வைத்திருந்தாங்க, எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. கனிக்கு ஒன்பது மாசம். அவ்வளவு பாலிருந்தது எனக்கு. இருமல் இறங்கவில்லை, சளியில் ரத்தம், டி.பி. என்று தெரிந்த அன்றைக்கே மாமியார் வீட்டில் குழந்தையைத் தூக்கி அண்ணி கையில் கொடுத்துவிட்டாங்க. கொடுத்ததில் தப்பே இல்லை, குழந்தைக்கு வந்துவிட்டால். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்துகொண்டே இருந்தது. யாரும் பார்க்கக் கூடாதென்று ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றேன், அண்ணி அந்தப் பக்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தாங்க, பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டாங்க. அப்புறம் பஸ் சத்தம். அப்புறம் மாத்திரை. அப்புறம் மஞ்சள் காடு, அவருக்கு வேலை இல்லாத ஒரு வருசம், இந்த வீட்டு வேலை, இந்தக் குளம். குளத்துக்கு வந்த பிறகுதான் ஒரு அறை கிடைத்தது, அறை கிடைத்த பிறகுதான் குழந்தையைக் கூட்டி வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வந்தது.

பொட்டுக்காரி தொட்டியிலிருந்து குளத்துக்கு வந்து மூணு வாரமாகியும் மேலே வரவே இல்லை. மீன் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் எதுக்குமே தீனி போடாதீங்க, மீனுக்கு ஒண்ணும் ஆவாது. பசிச்சா வெக்கமெல்லாம் போயிரும்" என்றார். அப்படித்தான் செய்தோம், மூணாம் நாள் அவள் என் சட்டைக் கைக்கு வந்தாள். அதைத்தான் என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சொன்னார், நாலாம் நாள், சிரித்துக்கொண்டே, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு. "மீனுக்கு என்ன பண்ணுன? ரெண்டு நாள் போடாம வுட்ட, தானா வந்துச்சுல்ல. இவளுக்கும் ஒரு நேரம் வுட்டுப் பாரு." விளையாட்டுக்குத்தான் சொன்னார். விளையாட்டு என்று எனக்கும் தெரியும். கனி என் கையால் வாங்கிச் சாப்பிட மாட்டாள், தட்டைக் கீழே வைத்துவிட்டு நான் திரும்பி உட்கார்ந்துகொண்டால் தானே அள்ளிச் சாப்பிடுவாள், அப்படித்தான் மூணு நாளும் நடந்தது. நாலாம் நாள் சாயங்காலம் அவர் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பருப்புச் சோறு, நெய் விட்டுக் குழையப் பிசைந்து உருட்டி நீட்டினேன். வாயை மூடிக்கொண்டாள். உதடு உள்ளே போய்விட்டது, ஒரு கோடுதான் தெரிந்தது. கண்ணு, ஒரு வாய், என்றேன். சாமி, என்றேன், அண்ணி சொல்கிற மாதிரி. கோடு அப்படியே இருந்தது. தட்டைக் கீழே வைத்திருக்கலாம். அதுதான், தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்திருக்கலாம், எல்லா நாளும் செய்ததுதானே, ஒரு நிமிசம் ஆகாது. வைக்கவில்லை. எழுந்து அலமாரியில் மேல்தட்டில் வைத்தேன். அவள் ஒரு தடவை அலமாரியைப் பார்த்தாள். எதையாவது வேண்டுமென்றால் பார்ப்பாளே, அப்படி. எனக்குப் புரிந்தது. புரிந்தும் உட்கார்ந்திருந்தேன். அழுதால் இறக்கிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. என் பிள்ளை, அழ மாட்டாள், அழாமலே போய்ப் படுத்துக்கொண்டாள், நைட்டியின் கழுத்தை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கியும் விட்டாள். தட்டு மேலேயே காய்ந்தது.

மறுநாள் காலையில் நான் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அறைக்கதவு திறந்திருக்கிறது. இதே மூன்றாவது படி. மீன் தீனி டப்பாவைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கன்னமும் உப்பியிருந்தது. வாயோரம் பழுப்பாக எச்சில் வழிந்தது. ஓடிப்போய் வாய்க்குள் விரலை விட்டேன், கடித்தாள், விட்டு விட்டு வழித்து எடுத்தேன், கருவாட்டு நாற்றம். எவ்வளவு தின்றாள் என்று தெரியவில்லை, டப்பாவில் கால்வாசி குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் பார்த்தால் குறையாத மாதிரியும் இருந்தது. டப்பாவில் இங்கிலீசில் பொடிப்பொடியாக எழுதியிருக்கிறது, மேலே ஒரு மீன் படம், நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், பெரிய எழுத்தென்றால் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், இது எறும்பு வரிசை மாதிரி. மேடத்தைக் கேட்டிருக்கலாம். கேட்டால், குழந்தை எதற்கு இதைத் தின்றது என்பாங்க. அதற்கு என்ன சொல்வேன். அதனால் நானும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு ஆகிறது எனக்கும் ஆகட்டும். மென்றேன், மாவு மாவாகப் பல்லில் ஒட்டியது, விழுங்கினேன். கனி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அவள் வயிற்றையும் என் வயிற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியாது. அவருக்குக்கூட. தெரிந்தால் அண்ணி ஒரு நிமிசம் இங்கே உட்கார மாட்டாங்க, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவாங்க. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ரேடியோ பாடுகிறது. எட்டு. பாட்டுச் சத்தத்துக்குப் பயந்து பொட்டுக்காரி வாலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம், கை மரத்துப் போச்சு ஆனாலும் இருக்கட்டும். அண்ணி இந்நேரம் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பாங்க. கேட் அருகில் வந்து பாப்பா என்று கூப்பிடுவாங்க, ஒரே ஓட்டம் ஓடுவாள். ஓடட்டும். ஓடாமல் இருந்தால்தான் தப்பு, வளர்த்தவங்களைப் பார்த்து ஓடாத பிள்ளை என்ன பிள்ளை. ஆனால் ஓடும்போது ஒரு தடவை, ஒரே தடவை திரும்பி... டக்கென்று ஒரு சத்தம். டப்பா மூடி. பின்னால். ரெண்டாவது படியில் டப்பாவை வைத்தேனா, வைத்தேன், மூடியை அழுத்தினேனா, இல்லையா, அழுத்தவில்லை. அன்றிலிருந்து துணி சுற்றி மேலேதான் வைப்பேன், இன்றைக்குச் சட்டை, படுக்கை, அண்ணி என்று மண்டைக்குள் ஆயிரம். கலகலவென்று உருண்டைகள் உரசுகிற சத்தம். தின்கிறாள். மறுபடியும் தின்கிறாள். திரும்பினால் ஓடுவாள், படியெல்லாம் ஈரம், ஓடினால் வழுக்கும். திரும்பாமல் இருந்தால் தின்பாள். முதுகு முழுக்கக் கண்ணாகி உட்கார்ந்திருக்கிறேன். காலையில் இட்லி தின்றாளே, ரெண்டு தின்றாளே, பசி இருக்காதே, அப்புறம் எதற்கு. ஈரத்தில் சின்னக் கால் வைக்கிற சத்தம், ஒன்று, நிற்கிறது, இன்னொன்று. இறங்குகிறாள். தண்ணீர் அருகில் வருகிறாள். இடது கையைத் தயாராக வைத்துக்கொண்டேன், விழுந்தால் பிடிக்க. செம்பருத்தி. செம்பருத்தியையே பார். என் தோளை ஒரு கை பிடித்தது. விழாமல் இருக்கத்தான் பிடித்தாள், சுவரைப் பிடிக்கிற மாதிரி. அப்புறம் என் முகத்துக்கு முன்னால் ஒரு பிடி வந்தது, இறுக்கி மூடிய பிடி, சுண்டுவிரல் கோணல். கருவாட்டு நாற்றம். "ஆ" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "ஆ காட்டு. சாமீ... ஆ..." அண்ணி குரல் அப்படியே, அந்த இழுப்பு, தலையைச் சாய்ப்பது, தன் வாயையும் கூடவே திறந்து காட்டுவது. என் கை வாயை மூடப் போச்சு, இடது கை, தானாகத்தான் போச்சு. அவள் அதைப் பிடித்து விலக்கினாள். என் வாயருகில் இன்னொருத்தர் கை வந்து எத்தனை நாளாச்சு, மாத்திரையைக்கூட உள்ளங்கையில் போட்டுவிட்டு விலகி நிற்பாங்க. என் மூச்சு அவள் விரலில் படுகிறது. டாக்டர் சொன்னார், சாதாரண ஆள்தாம்மா. சாதாரண ஆள். பசி தெரிந்தவள், பசியென்றால் இதைத்தான் தின்ன வேண்டும் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தவள், நானும் இதைத் தின்கிறவள் என்று பார்த்து வைத்திருக்கிறாள். இவ்வளவு நேரம் தண்ணீர் ஓரம் குந்தியிருக்கிறதே, பாவம், இதற்கும் பசி என்று நினைத்தாளோ. வாயைத் திறந்தேன். விரலோடு உள்ளே வந்தது. நாலைந்து உருண்டை நாக்கில் விழுந்தது, ரெண்டு வெளியே சிதறியது. விரலை எடுக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டு பார்த்தாள், நான் மெல்லுகிறேனா என்று. மென்றேன். "முழுங்கு" என்றாள். விழுங்கினேன். சிரித்தாள். அவள் சிரிக்கும்போது கீழ்வரிசையில் ஒரு பல் திரும்பி இருக்கிறது. பதினைந்து நாளில் அதை நான் பார்க்கவே இல்லை.

"பாப்பா" என்று கேட் பக்கம் அண்ணி சத்தம். கனி தலையைத் தூக்கினாள். "அம்மா!" ஓடினாள், நினைத்த மாதிரியே ஒரே ஓட்டம், ஈரப்படியில் வழுக்காமல் ரெண்டு கையையும் ஊன்றி ஏறி ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, நான்தான் திரும்பிவிட்டேனே. அண்ணி மூச்சிறைக்க வந்துகொண்டிருந்தாங்க, கக்கத்தில் ஒரு கட்டைப்பை, மடித்தது, காலிப்பை. துணிகளை அடுக்கிக்கொண்டு போகத்தான். கனி அவங்க விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள், தூக்க வந்த கையிலிருந்து நழுவி, இழுத்து, படி வரைக்கும். "அம்மா, அது தின்னுது பாரு" என்றாள். மீனைச் சொல்கிறாள் என்று நினைத்து அண்ணி குளத்தைப் பார்த்தாங்க. கனி டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளி என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஆ." அண்ணி பார்த்துக்கொண்டு நிற்கிறாங்க. யார் பார்க்கவும் நான் சாப்பிட்டதில்லை. திறந்தேன். மென்றேன். அண்ணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. "ஏண்டி, உங்கம்மாளுக்கு என்னத்தடி ஊட்டற?" என்று குனிந்தாங்க. அப்புறம் மூக்கைச் சுளித்தாங்க. கனியின் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாங்க. "மீன் தீனியா? அட சாமி. இதைப் போயி... இது எங்க கத்துக்கிட்டா?" விளையாட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஏதோ பார்த்துச் செய்கிறாள் அண்ணி என்றிருந்தால் முடிந்து போயிருக்கும். வாயில் அந்த மாவு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "நாலாம் நாள் நான் சோறு போடலைங்க அண்ணி" என்றேன். வாயை மூடாமல்தான் சொன்னேன். "எங்கையில வாங்க மாட்டேன்னுட்டா. பசிச்சா வருவான்னு தட்டை மேல வச்சுட்டேன். காலையில இதை எடுத்துத் தின்னுட்டு இருந்தா."

கனி டப்பாவை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி கனியின் தலையைத் தடவி, சட்டைப் பொத்தானைப் பிடித்து, போட்டு, கழற்றி, அதையே செய்துகொண்டிருந்தாங்க. ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. "பாவி" என்றாங்க. என்னைத்தான் என்று நினைத்தேன். "பாவிக நாம. ஒம்போது மாசத்துல தூக்கிட்டுப் போனனே புள்ள, பாட்டலை வாயில வெச்சாத் துப்பறா. உன்ற மாருக்கு ஏங்கி ஏங்கி அழுவறா. நானும் எல்லாங் காட்டிப் பாத்தேன். பசிச்சாத் தன்னால குடிக்கும்னு எங்க வீதியில ஒருத்தி சொன்னா. ஒரு பகல் பூரா ஒண்ணுமே குடுக்கல. பொழுது எறங்கறப்போ குடிச்சா. குடிச்சுட்டு என்னைய ஒரு பார்வ பாத்தா பாரு..." முடிக்கவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்தாங்க. "உங்கிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னுதான் இருந்தேன். வாய் வரல." அன்றைக்கு ஒரு பகல் முழுக்க எனக்கும்தான் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன், வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, கனி டப்பா ஆட்டுகிற சத்தத்தில் எங்கேயோ போச்சு. "இப்பல்லாம் கீழ வச்சுருவேங்க அண்ணி" என்றேன். "தெரியுது. கன்னம் வெச்சிருக்குது" என்றாங்க. கனி அடுத்த பிடியை அண்ணிக்கு நீட்டினாள். "அய்யே, எனக்கு வேண்டாஞ் சாமி, உங்கம்மாளுக்கே குடு" என்றாங்க. கனி விடவில்லை. ஆ என்றாள். அண்ணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே ஒரு உருண்டையை வாங்கிக்கொண்டாங்க. "தூ, என்ன நாத்தம். இதைத் தின்னுட்டா புள்ள நீ உக்காந்திருக்கற?" நான் சிரித்தேன், சத்தமாகத்தான், கை வாய்க்குப் போகவில்லை.

அப்புறம் அண்ணி கக்கத்தில் இருந்த பையை எடுத்தாங்க. அதை இன்னும் ஒரு மடிப்பு மடித்து, ஈரமாக இருந்த மூன்றாவது படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாங்க. செருப்பைக் கழற்றினாங்க. "சாயந்தரம் பஸ்ஸுக்கு நான் மட்டுந்தான் போவேன். அவ தலகாணி எங்கூட்டுலயே இருக்குது, வார வாரம் லோகநாதனை வரச் சொல்லு, ஒவ்வொண்ணாக் குடுத்தனுப்பறேன். ஒரேயடியா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிராதீங்க." அதைச் சொல்லும்போது செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாங்க, எழுந்திருக்கவில்லை. கனி ரெண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு இனி யாருக்கு ஊட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த நைட்டியத் தொவைச்சுப் போடு முதல்ல. இங்க வரைக்கும் நாறுது" என்றாங்க அண்ணி. சரிங்க அண்ணி என்றேன். அப்போதுதான் வலது கை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருப்பது ஞாபகம் வந்தது. மெதுவாகத் தூக்கினேன். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. பொட்டுக்காரிதான் வந்து தின்றாளோ, மிதந்து போச்சோ, தெரியவில்லை. அல்லி இலைக்கு அடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, கனி பிடியை நீட்டிக்கொண்டு ஆ என்று நின்றாள்.